படகில் கேட்கக் கூடாத கேள்வி

கடலில் சத்தி எடுத்துக் கிடக்கிற ஒருவனிடம் “கரைக்குத் திரும்புவமா மச்சான்?” என்று கேட்கக் கூடாது என்பது என் கட்சி. என் யாழ்ப்பாணத்து நண்பன் இதற்கு எதிர்க்கட்சி. மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் கொழும்பு முகத்துவாரத்திலிருந்து மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்வந்தோம். அன்று வள்ளத்தில் தொடங்கிய வாக்குவாதம் சித்திரைப் புதுவருடம் கழிந்தும் ஓயவில்லை. வெள்ளவத்தையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தாலும் அதுதான் பேச்சு. “நான் கேட்டனான் தானே? திரும்பத் திரும்பக் கேட்டனான். அவன் தானே வேண்டாமெண்டவன்? வளந்த மனிசன் வேண்டாமெண்டு சொன்னால் அதை நம்பாமல் வேற எதை நம்புறது?” என்பது அவனுடைய நியாயம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நியாயம் எனக்குள் இறங்க மறுக்கிறது. ஏன் மறுக்கிறது என்று எனக்கே தெளிவாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சத்தி எடுத்தவன் மூன்றாவது நண்பன். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. கொழும்பில் வேலை கிடைத்து வந்து வருடக்கணக்காகிறது, ஆனால் கடல் என்றால் அவனுக்குக் காலி முகத்திடலில் கால் நனைப்பதும் இஸ்ஸோ வடை சாப்பிடுவதும்தான். அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணமும் இருந்தது. றம்பொடை வளைவுகளில் பஸ் ஏறினால் யன்னலோர இருக்கை கேட்டுத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு போகிறவன் நான். அவனோ கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் ஆடிக்கொண்டிருக்கும்போதே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறவன். சின்ன வயதிலிருந்து அந்தப் பாதையில் போய்வந்தவன். அதனால் வயிறு புரளப்போகிறதென்றால் அது என் வயிறுதான் என்று மூவருமே எண்ணியிருந்தோம்.

அவன் வந்ததற்கு மீன் காரணமில்லை. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போகவேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அந்தச் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்றதும், 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவனுடைய பூட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக நடந்தே மலைக்கு வந்து சேர்ந்தவராம். விமானத்தில் போனால் ஒரு மணித்தியாலம். ஆனால் அவர் வந்த கடலைத் தானும் ஒரு தடவை தாண்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பான். “முதல்ல சின்னக் கடல்ல போய்ப் பாக்குறேன், அப்புறம் பெரிய கடலுக்குப் போறேன்” என்றுதான் எங்களோடு கிளம்பினான்.

முகத்துவாரத்துக் கரை

வள்ளக்காரருக்கு ஐம்பது கடந்திருக்கும். முகத்துவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழும் சிங்களமும் அவர் வீட்டில் ஒரே வாக்கியத்துக்குள் ஓடும். எங்களைத் ‘தம்பி’ என்பார், நாங்கள் ‘அண்ணே’ என்போம். ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு, “ஞாயிறு கோயில் தம்பி, கடல் இல்ல” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். உதவிக்கு அவருடைய மருமகன் முறையான ஒரு பொடியன். வள்ளம் இருபது அடிக்குக் கொஞ்சம் கூடின ஃபைபர் வள்ளம். பின்னால் தொங்குகிற எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. இந்த மண்ணெண்ணெயைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் அது அடியில் கிடக்கிறது. 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு விலை ஏறி இறங்கியிருந்தாலும், சிறு வள்ளக்காரர்களுக்கு ஒரு நாள் கடல் என்பது அன்றிலிருந்து வேறு கணக்கு. எஞ்சினை முடுக்கினால் மீன் வந்தாலும் வராவிட்டாலும் காசு எரிகிறது. நாங்கள் மூவரும் வாடகையைப் பங்கு போட்டிருந்தோம். அந்தப் பங்குக் கணக்கு மலைநாட்டு நண்பனுக்கு எங்களை விட நன்றாக நினைவிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது.

விடிவதற்கு முன் கிளம்பினோம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் முகத்தைத் திருப்பி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். இடப்பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் விளக்கு எரிந்தபடி நின்றன. வலப்பக்கம் களனி கங்கையின் வாய். மலையில் மழை பெய்திருந்தால் கங்கை கலங்கிய தண்ணீரைக் கடலுக்குள் நெடுந்தூரம் தள்ளிக்கொண்டு போகும். பொழுது புலர்ந்தபோது இரண்டு தண்ணீரும் சந்திக்கிற அந்தக் கோடு தெரிந்தது. இந்தப் பக்கம் தேத்தண்ணி நிறம், அந்தப் பக்கம் பச்சை, நடுவில் நுரையும் மிதக்கிற குப்பையும் சல்வீனியாச் செடியும் சேர்ந்த ஒரு ஓரம். “இது உங்க ஊர்த் தண்ணி” என்று அண்ணன் நண்பனுக்குக் காட்டினார். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கலந்து பிறக்கிற ஆறு அது, சிவனொளிபாதமலைப் பக்கத்துத் தண்ணீர். அந்தக் கோட்டைத் தாண்டும்போது நண்பன் கையை நீட்டி இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் தொட்டுப் பார்த்தான்.

அந்த முதல் மணித்தியாலத்தில் எங்கள் மூவரிலும் சந்தோஷமாக இருந்தவன் அவன்தான். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். முகத்தில் காற்று, கண் முன்னால் கடல். நங்கூரமிட்டு நின்ற கப்பல்களைக் கடந்து போனோம். ஒவ்வொன்றும் பக்கத்தில் போகும்போது ஒரு கட்டடம். திரும்பிப் பார்த்தால் ஊர் சின்னதாகிக்கொண்டே போயிற்று. முந்தியெல்லாம் சென் லூசியா கோயிலின் கும்மட்டத்தை இன்னொரு அடையாளத்தோடு நேர் சேர்த்துப் பார்த்துத்தான் இடம் பிடிப்பார்களாம். இப்போது 350 மீற்றருக்கு மேல் நிமிர்ந்து நிற்கிற தாமரைக் கோபுரம் இருக்கிறது, கையில் ஜீபிஎஸ்ஸும் இருக்கிறது. ஆனாலும் அண்ணன் கருவியைப் பார்ப்பதற்கு முன் ஒரு தடவை கரையைப் பார்த்துக்கொள்வார்.

எஞ்சின் நின்றபோது

இருபத்தைந்து பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்தில் ஒரு பார், கடலடிப் பாறைத் திட்டு, இருக்கிற இடம் வந்ததும் எஞ்சினை நிறுத்தினார். கடலை அறியாதவர்கள் நினைப்பது போல வேகமாக ஓடும்போது வருவதில்லை தலைச்சுற்று. வள்ளம் ஓடும்போது அது அலையை வெட்டிக்கொண்டு போகிறது, காற்று வீசுகிறது, உடம்புக்கு அடுத்த அசைவு எதுவென்று முன்கூட்டியே தெரிகிறது. நிறுத்தியதும் வள்ளம் மெதுவாகத் திரும்பி அலைக்குப் பக்கவாட்டாகக் கிடக்கும். அன்று காற்றில்லை, கடல் கண்ணாடி போலத் தெரிந்தது. ஆனால் தெற்கே எங்கோ அடித்த காற்றில் புறப்பட்டு வந்த நீள அலை அடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நுரை இல்லாத, சத்தமில்லாத அலை. அத்தோடு மண்ணெண்ணெய்ப் புகை கலைந்து போகாமல் எங்களுக்கு மேலேயே நின்றது.

பொடியன் தங்கூசி நூலும் ஈயமும் கொடுத்தான், இரைக்குக் கணவாய்த் துண்டு. நண்பன் குனிந்து தூண்டில் முள்ளில் கணவாயைக் கோர்க்கத் தொடங்கினான். வழுக்குகிற வெள்ளைத் தசையில் முள்ளின் நுனியை ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுக்கவேண்டும். பாதி குத்திய நிலையில் அவனுடைய கை நின்றுவிட்டது. நிமிர்ந்து கொட்டாவி விட்டான். மறுபடி குனிந்தான், மறுபடி கொட்டாவி. மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வேர்வை. நாங்கள் விடியப்புறம் எழுந்த தூக்கம் என்று எண்ணிக்கொண்டோம். வள்ளத்தின் பின்னாலிருந்த அண்ணன் தன் நூலை இறக்குவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். “தம்பி காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். வருகிற வழியில் கொட்டாஞ்சேனையில் இரண்டு மாலு பனிஸ் சாப்பிட்டதாகச் சொன்னான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கடல்காரர்களுக்கு அந்தக் கொட்டாவி தெரியும். வயிறு பேசுவதற்கு முன்னால் கொட்டாவி வரும், வாயில் எச்சில் ஊறும், பேச்சு நிற்கும், முகம் சாம்பலாகும். சத்தி கடைசியில்தான்.

அது வந்தபோது சாதாரணமாக வரவில்லை. வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் உடம்பு வளைந்து வளைந்து இழுத்தது. சட்டைப் பைக்குள் மாத்திரை வைத்திருந்தான், ‘தேவைப்பட்டால் போடலாம்’ என்று. இந்தத் தலைச்சுற்று மாத்திரைகள் அப்படி வேலை செய்வதில்லை. டைமென்ஹைட்ரினேட் என்றால் வள்ளத்தில் கால் வைப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்துக்கு முன், சினரிசின் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு முன் உள்ளே போயிருக்க வேண்டும். குமட்டல் தொடங்கியதும் இரைப்பையின் வேலை மந்தமாகிவிடுகிறது, விழுங்கினாலும் மருந்து இரத்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. பெரும்பாலும் அடுத்த அலையோடு வெளியே வந்துவிடும். அவனுக்கும் அப்படித்தான் ஆயிற்று.

அப்போது பார்த்துத்தான் மீன் கடிக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்து நண்பன் ஒரு விளைமீனைத் தூக்கினான், அடுத்த இறக்கத்தில் செம்பல்லி. நூல் தரையைத் தொடுவதற்குள்ளேயே இழுபடுகிறது. அந்த நேரத்துச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. வாரம் முழுக்கக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவனின் விரலில் இருபத்தைந்து பாகத்துக்குக் கீழேயிருந்து ஓர் உயிர் இழுப்பது வேறெங்கும் கிடைக்காத ஒன்று. மீனைப் பெட்டியில் போட்டுவிட்டு அவன் திரும்பிக் கேட்டான்: “என்னடாப்பா, கஷ்டமா இருக்கே? திரும்புவமா?” நண்பன் வள்ளத்தின் விளிம்பில் கன்னத்தை வைத்தபடி கையை மட்டும் அசைத்தான். “ஒண்ணுமில்லடா. நீங்க புடிங்க. எனக்காகத் திரும்பாதீங்க.” யாழ்ப்பாணத்து நண்பன் உண்மையான அக்கறையோடுதான் கேட்டான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். மறுபடி அதே பதில், குரல் மட்டும் இன்னும் தாழ்ந்து.

அண்ணன் யாரையும் கேட்கவில்லை. பொடியனிடம் “நூலை எடு” என்றார். எங்கள் நூல்களையும் எடுக்கச் சொன்னார். “அண்ணே, இப்பத்தான் கடிக்குது” என்றான் யாழ்ப்பாணத்து நண்பன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் எஞ்சினை இழுத்தார். வள்ளத்தைத் திருப்பி அலைக்கு நேராக மெல்ல ஓட விட்டுவிட்டு, சுக்கானைப் பொடியனிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். நண்பனை விளிம்பிலிருந்து எடுத்து வள்ளத்தின் நடுவில், தரையோடு தரையாக உட்கார வைத்தார். ஏறி இறங்குகிற பலகையில் நடுப்பாகம்தான் குறைவாக ஆடும். லைஃப் ஜக்கெட்டின் வாரை இறுக்கி, அதைத் தன் கைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். சத்தி எடுக்கிறவன் தன் உடம்பைப் பற்றிய கவலையே இல்லாமல் வெளியே சாய்வான், கடலில் விழுந்தாலும் விழுந்ததுதான். ஈரத் துணியைப் பிடரியில் போட்டார். தேசிக்காயை நகத்தால் கீறி மூக்கருகில் பிடிக்கச் சொன்னார். பிறகு அவனுடைய தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, “அந்தா கோபுரம் தெரியுதா? அதையே பாருங்க. கீழ பாக்காதீங்க, கண்ண மூடினாலும் பரவாயில்ல, போட்டுக்குள்ள மட்டும் பாக்காதீங்க” என்றார். குழந்தைக்குச் சொல்வது போலில்லை. வேலை தெரிந்தவர் வேலை பழகுகிறவனுக்குச் சொல்வது போல இருந்தது.

யாழ்ப்பாணத்து நண்பன் விடவில்லை. “அவனே வேண்டாமெண்டுறான் அண்ணே.” அப்போது அண்ணன் சொன்னதுதான் என்னை இவ்வளவு நாள் சுற்றவைக்கிறது. “அவர்ட்ட கேக்காதீங்க தம்பி. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவார். நல்லா இருக்கிறவன்தான் இத முடிவெடுக்கணும்.”

காதும் அலையும்

நம் ஊரில் கடல் தலைச்சுற்றைப் பயத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். கரைக்கு வந்து நின்றபோது மீன் வாங்க வந்த ஒருவர் நண்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு, “மலைநாட்டு ஆளா? தண்ணியக் கண்டு பயந்துட்டார் போல” என்றார். இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, அது அறியாமை என்பதால் மட்டுமில்லை. நோயாளியை இரட்டிப்பாகத் தண்டிக்கிறது அது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும் சுண்ணாம்புத் துகள் பொதிந்த இரண்டு சின்னப் பைகளும் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, உடம்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மூளைக்குச் சொல்வது அவைதான். வள்ளத்துக்குள் குனிந்து இரை கோர்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது அசையாத பலகை. காது சொல்வது விடாத ஆட்டம். இரண்டு சாட்சிகளும் மாறி மாறிச் சொல்லும்போது மூளை குழம்புகிறது. உட்காதின் இந்தப் பகுதி வேலை செய்யாதவர்களுக்கு எவ்வளவு மோசமான கடலிலும் தலைச்சுற்று வருவதில்லை. ஆகவே அன்று என் நண்பனிடம் பழுதில்லாமல் வேலை செய்தது அவனுடைய காது. ஐந்து வினாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் ஏறி இறங்குகிற அசைவுதான் மனித உடம்பை மிக மோசமாகப் புரட்டுகிறது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். நின்றுவிட்ட சின்ன வள்ளம் அந்தக் கணக்குக்கு வெகு அருகில் ஆடுகிறது.

கினிகத்தேனை வளைவுகள் அவனுக்கு ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. உடம்பு ஓர் அசைவுக்குப் பழகினால் அந்த அசைவுக்குத்தான் பழகுகிறது. பஸ்ஸின் பக்கவாட்டு வீச்சுக்குப் பழகிய காது அலையின் ஏற்ற இறக்கத்துக்குப் புதிது. பழக்கம் நிரந்தரமுமில்லை. பன்னிரண்டு வயதில் கப்பலேறி, பிரித்தானியக் கடற்படையின் பெரும் பெயராகச் செத்த நெல்சனுக்குக் கடல் கொந்தளித்தால் கடைசி வரை சத்திதான். டார்வின் 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் ஏறியவர், 1836இல் இறங்கும் வரை அவருக்குத் தீரவில்லை. இவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று யாரும் சொல்வதில்லை.

இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, அண்ணனே சொன்னார். 2021 மே 20ஆம் திகதி எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் இந்தக் கடலில் தீப்பிடித்து, ஜூன் 2ஆம் திகதி அமிழத் தொடங்கிய காலத்தில் பாணந்துறை தொடங்கி நீர்கொழும்பு வரை மீன் பிடிக்கத் தடை போட்டார்கள். வள்ளங்கள் கரையில் கிடந்தன, கரையெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள். நெடுநாள் கழித்துத் திரும்பப் போன அன்று அவருக்கே சத்தி வந்ததாம். முப்பது வருடத்துக்கு மேல் கடலில் கிடந்தவருக்கு. “காது மறந்து போச்சு தம்பி” என்றார்.

மறுப்பும் மரியாதையும்

யாழ்ப்பாணத்து நண்பனின் வாதத்தில் பலமான பக்கம் ஒன்று உண்டு. ஒருவனைக் கேட்காமல் அவனுக்காக முடிவெடுப்பது அவனைச் சின்னப்பிள்ளையாக்குவது என்கிறான். நம் வீடுகளில் வயதானவர்களைக் கேட்காமலே ஆஸ்பத்திரியில் போடுகிறோம், பெண்களைக் கேட்காமலே கல்யாணம் பேசுகிறோம், எல்லாம் ‘நல்லதுக்கு’ என்ற பெயரில். அதைப் பார்த்து வளர்ந்தவன் கேட்பதைப் பெரிய விஷயமாக நினைப்பதில் பிழை இல்லை. அவனுடைய தங்கை விஷயத்தில் அவன் வீட்டாரோடு சண்டை பிடித்து நின்றதை நான் அறிவேன். அதனால் அவனுடைய கேள்வியைக் கைகழுவுகிற கேள்வி என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஆனால் எந்தக் கேள்வியும் தனியாக வருவதில்லை, கூடவே ஒரு கணக்கையும் கொண்டுவருகிறது. வள்ளத்தின் நடுவில் கிடந்தவனுக்கு அந்தக் கணக்கு முழுவதும் தெரியும். மூன்று பேர் போட்ட காசு. எரிந்துவிட்ட மண்ணெண்ணெய். ஐஸ் போட்டு வைத்த பெட்டி. மாதக்கணக்காகத் திட்டம் போட்டு அன்றுதான் வாய்த்த நாள். கடிக்கத் தொடங்கிவிட்ட மீன். “திரும்புவமா?” என்ற கேள்விக்கு “ஓம்” என்று அவன் சொன்னால், இவ்வளவையும் கெடுத்தவன் அவன் என்றாகிவிடும். அந்தப் பழியை வாய் திறந்து தானே ஏற்றுக்கொள்ளும்படி, நிமிரக்கூட முடியாத நிலையிலிருக்கிறவனைக் கேட்கிறோம். நம் வளர்ப்பில் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. விருந்துக்கு வந்தவர் இலைக்கு மேல் கையை விரித்துப் ‘போதும்’ என்றால் எந்த வீட்டு அம்மா அதை நம்பிக் கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்? மரியாதைக்கு வருகிற மறுப்பு எது, உண்மையான மறுப்பு எது என்று நம்மவர்களுக்குப் பிரிக்கத் தெரியும். சோற்றில் தெரிகிறது கடலில் ஏன் தெரியாமல் போகவேண்டும்?

இதை நான் சொன்னபோது, “சோறு வேற, கடல் வேற” என்றான் அவன். அப்போதுதான் மலைநாட்டு நண்பன் வாயைத் திறந்தான். அதுவரை எங்கள் சண்டையை வேறு யாரோ ஒருவரைப் பற்றியது போலக் கேட்டுக்கொண்டு பிளேன்டீயை ஆற்றிக்கொண்டிருந்தவன். “மொத தடவ கேட்டப்ப நல்லா இருந்துச்சுடா. ரெண்டாவது தடவ கேட்டப்ப எனக்கு ஒம்மேல கோவம் வந்துச்சு. நீ கேக்குறப்பல்லாம் நான் தலையத் தூக்கி, நல்லா இருக்குற மாதிரி கொரல மாத்தி, பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு. அது சத்தி எடுக்குறத விடக் கஷ்டம்.” யாழ்ப்பாணத்து நண்பன் அதற்கு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அதை அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றான். சொல்ல முடிந்திருந்தால் அந்தச் சண்டையே இருந்திருக்காது.

அண்ணனுக்கு இது எங்கிருந்து தெரியவந்தது என்பதையும் சொல்லவேண்டும். கரைக்குத் திரும்புகிற வழியில், வேகம் குறைத்து இரண்டு தூண்டில்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தோம். வள்ளம் ஓடிக்கொண்டிருப்பதால் நண்பனுக்கும் பாதகமில்லை, எங்களுக்கும் கையில் ஏதோ இருக்கும் என்று அவர் செய்த ஏற்பாடு. சூரை ஒன்று ஏறியது. அந்த நேரத்தில் சொன்னார். பதினாறு வயதில் அவரைப் பலநாள் படகில் ஏற்றிவிட்டார்களாம். அந்தப் படகுகள் போனால் வாரக்கணக்கு, சிலது மாதம் தாண்டும். முதல் நாட்களில் ஐஸ் அறைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்திருக்கிறார். திரும்புகிற பேச்சுக்கே இடமில்லை, அதனால் யாரும் கேட்கவுமில்லை. படகில் மூத்தவர் ஒருவர் வேளைக்கு ஒரு தடவை வந்து கஞ்சித் தண்ணியைக் கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் போவாராம். “கேட்டிருந்தா நான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு அந்தக் கஞ்சியையும் குடிக்காம விட்டிருப்பேன்” என்றார்.

திரும்ப முடியாத படகில் கேள்வி இல்லை, கஞ்சி இருந்தது. திரும்பக்கூடிய எங்கள் வள்ளத்தில் கேள்வி இருந்தது. நான் இந்த இடத்தில்தான் நின்று நின்று யோசிக்கிறேன். கேட்கவேண்டிய இடம் கரை என்று இப்போது எனக்குப் படுகிறது. கிளம்புவதற்கு முன், எல்லோரும் நிமிர்ந்து நிற்கும்போது, ‘ஒருத்தருக்கு முடியாமல் போனால் என்ன செய்வது?’ என்று கேட்டு முடித்துக்கொள்ளலாம். அந்த நேரத்துச் சம்மதத்துக்கு மதிப்புண்டு. நடுக்கடலில் அதே மனிதன் சொல்வதை விட, கரையில் நின்று அவன் சொன்னதுதான் அவனுடைய சொல்.

நண்பன் கப்பல் ஆசையைக் கைவிடவில்லை. கரையில் கால் வைத்த பிறகும் அன்று இரவு வரை கட்டில் ஆடியதாம், மறுநாள் சுகம். ஜீவனி உப்புத் தூளைக் கரைத்துக் குடித்தான், பாணும் சம்பலும் சாப்பிட்டான். கப்பல் பெரியது, ஆட்டம் குறைவு, நாலு மணித்தியாலம்தான் என்று கணக்குப் போடுகிறான். கீழ்த்தட்டில் நடுவில் இருக்கை கேட்கப் போகிறான், மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பப் போகிறான்.

அதற்கு முன், தென்மேற்குக் காற்று தொடங்கி இந்தப் பக்கத்துக் கடல் மூடுவதற்குள் இன்னொரு தடவை வள்ளத்தில் போய்ப் பழகிப் பார்க்கிறேன் என்றான். சித்திரைக் கடைசியில் மூவருமாக முகத்துவாரத்துக்குப் போனோம். இந்தத் தடவை நான் ஓர் ஏற்பாட்டோடு போயிருந்தேன். முழு வாடகையையும் முதலிலேயே அண்ணன் கையில் கொடுத்துவிடுவது, எப்போது திரும்புவது என்பதை அவர் மட்டுமே முடிவெடுப்பது. காசு கைக்கு வந்துவிட்டால் பாதியில் திரும்புவதால் அவருக்கும் நட்டமில்லை, நண்பனுக்கும் அந்தக் கணக்கு உறுத்தாது என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்து நண்பன்கூட இதற்குச் சம்மதித்திருந்தான். அண்ணன் வலையைத் தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பணத்தை எண்ணி நீட்டியபோது கையை நீட்டவில்லை.

“எண்ணெய்க் காச மட்டும் இப்ப தாங்க தம்பி” என்றார். “முழுக் காசையும் வாங்கிட்டா, பாதியில திரும்ப எனக்கு மனசு வராது.”

எண்ணெய்க் காசைக் கொடுத்து, நாளையும் குறித்துக்கொண்டு வந்தோம்.